ஓடுகிறவனுக்கு எத்தனை இன்ஜின்?

வேகத்துக்கென்று நான் இதுவரை செலவழித்த பணத்தில் ஒரு ரூபாய்கூட ரூபாய் இல்லை. எல்லாம் ஐஸ்க். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிச் சண்டை விளையாட்டில் செல்லுபடியாகும் நாணயம். நிஜத்தில், என் ஸ்கூட்டர் முள் முப்பதைத் தாண்டினால் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி, “என்னங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?” என்று தோளைத் தொட்டுக் கேட்பாள். அப்பேர்ப்பட்டவன்தான் ராத்திரி பதினொரு மணிக்கு, விநாடிக்கு 3 கிலோமீட்டர் போதுமா, இன்னும் கொஞ்சம் ஏற்றலாமா என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

விளையாட்டு 2003-இல் வந்தது. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் இருக்கும் சிசிபி நிறுவனத்தின் கைவேலை. இதில் கப்பல் வெடித்தால் வெடித்ததுதான். அடுத்ததைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமே 2012-இல் இதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். “அதான் மியூசியத்துல வெச்சாச்சே, அப்புறம் நம்ம ஹால்ல எதுக்கு?” என்றாள்.

என்னிடம் இருப்பது ரிஃப்டர். துருப்பிடித்த தகரத்தை ஆணியடித்துச் சேர்த்தாற்போன்ற தோற்றமுள்ள சின்ன ஃப்ரிகேட். எதுவும் மாட்டாமல் விட்டால் விநாடிக்கு 300 சொச்சம் மீட்டர் போகும். நிஜத்தில் அது ஒலியின் வேகம். விண்வெளியில் அது நடைப்பயிற்சி. அதனால் எல்லோரும், கப்பலில் சாமான் மாட்டுகிற வரிசைகளில் நடு வரிசையில் ஒரு இன்ஜினைக் கூடுதலாக மாட்டுகிறார்கள். ஆஃப்டர்பர்னரா, மைக்ரோவார்ப் டிரைவா? என் நிம்மதி போனது இந்தக் கேள்வியில்தான்.

ஆஃப்டர்பர்னர் அடக்கமான பிள்ளை. நல்ல பயிற்சி இருந்தால் ரிஃப்டரை 1,000 மீட்டர் வரை கொண்டுபோகும், பெரிதாகக் கரண்ட் சாப்பிடாது, யாரும் அதை எளிதில் நிறுத்த முடியாது. மைக்ரோவார்ப் டிரைவ் அதே கப்பலை 3,000 மீட்டருக்கு விரட்டும். ஆனால் அது ஓடும்போது எதிரியின் கண்ணுக்கு உங்கள் கப்பல் ஆறு மடங்கு பெரிதாகத் தெரியும். ஃப்ரிகேட்டில் போகிறவன் பெரிய ரகமான குரூசர் அளவுக்கு உப்பிவிடுவான். பெரிய பீரங்கிக்கெல்லாம் குறி வைப்பது சுலபமாகிவிடும். போதாததற்கு, கெப்பாசிட்டர் இருக்கிறதே, நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி, அதன் கொள்ளளவிலேயே ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டுதான் இந்த இன்ஜின் உள்ளே வருகிறது. வாடகைக்கு வருமுன்பே ஒரு அறையை இடித்துவிடுகிற குடித்தனக்காரர்.

அதற்கும் மேலே ஸ்க்ராம்ப்ளர். 9 கிலோமீட்டருக்குள் வந்து எதிரி அதை உங்கள் மேல் போட்டால் மைக்ரோவார்ப் டிரைவ் பொசுக்கென்று அணைந்துவிடும். ஆஃப்டர்பர்னரை அது ஒன்றும் செய்யாது. ஆக, தூரத்தில் வேகமாயிருப்பவன் கிட்டே வந்தால் முடவன். கிட்டே வேகமாயிருப்பவன் தூரத்தில் யாரையும் எட்டிப் பிடிக்க முடியாதவன். ஒரு காலத்தில் இப்படி இல்லை. இலகுவாக்கும் சாமான்களை அடுக்கடுக்காக மாட்டிய ‘நானோ’ கப்பல்கள் யார் கைக்கும் அகப்படாமல் திரிந்தன. 2008 நவம்பரில் வேகக் கணக்கையே திருத்தி எழுதினார்கள். ஸ்க்ராம் பட்டால் இன்ஜின் அணைகிற ஏற்பாடும் அப்போது வந்ததுதான். அந்தப் பொற்காலத்தில் நான் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். எல்லா யோகமும் எனக்கு இப்படித்தான்.

மூன்றாவதாக ஒரு விபரீத யோசனையும் உண்டு. குரூசருக்கான 10 மெகாநியூட்டன் ஆஃப்டர்பர்னரைத் தூக்கி ஃப்ரிகேட்டில் மாட்டுவது. வேகம் பிரமாதம், ஸ்க்ராம் பயமும் இல்லை. ஒரே சங்கடம், ரிஃப்டரின் மொத்த எடையே சுமார் 10 லட்சம் கிலோ. இந்த இன்ஜின் ஓடும்போது எடையில் 50 லட்சம் கிலோ கூடும். நேராகப் போகும், சந்தேகமில்லை. திரும்பு என்றால் திரும்பாது. நான் அதையும் வாங்கி ஸ்டேஷன் கிடங்கில் போட்டு வைத்திருக்கிறேன். தள்ளுபடியில் கிடைத்ததை விடுகிற பரம்பரை இல்லை எங்களுடையது.

கீழ் வரிசைச் சமாச்சாரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓவர்டிரைவ் மாட்டினால் வேகம் கூடும், சரக்கு வைக்கிற இடம் குறையும். நானோஃபைபர் மாட்டினால் வேகமும் வளைவும் கூடும், கப்பலின் எலும்பு பலவீனமாகும். ஒன்றுக்கு மூன்றாக மாட்டினால் என்ன என்று தோன்றும். தோன்றாமலா இருக்கும்? ஆனால் இரண்டாவது சாமான் 87 சதவீதம்தான் வேலை செய்யும், மூன்றாவது 57, நாலாவது 28. நாலாவதை மாட்டுகிறவனைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

சிரிப்பது என்பதைச் சும்மா சொல்லவில்லை. உங்கள் கப்பல் வெடித்ததும் எந்த ஸ்லாட்டில் என்ன மாட்டியிருந்தீர்கள், என்ன சரக்கு வைத்திருந்தீர்கள் என்று ஒரு அறிக்கை தயாராகிவிடும். ‘கில்மெயில்’ என்பார்கள். அது உலகம் முழுக்கச் சுற்றும். செத்தவனின் பீரோவைத் திறந்து தெருவில் பரப்புவதற்குச் சமம். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்தே வளர்ந்த எனக்கு உயிர் போவதில் வருத்தமில்லை. மலிவு இன்ஜினோடு செத்தான் என்று வந்துவிடக் கூடாது. ஆகையால் ஜிட்டா என்கிற பெரிய சந்தைக்குப் போய், கப்பல் விலையைவிட அதிகம் கொடுத்து உயர்ரக ஆஃப்டர்பர்னர் வாங்கினேன். வீட்டு மிக்ஸி ஜாருக்கு வாஷர் மாற்ற இருபது ரூபாய் கேட்டதற்குப் பதினைந்துக்கு நின்றவன் நான் என்பதை மனைவி இந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறாள்.

பயிற்சி வேறு. இந்த விளையாட்டில் திறமை என்பது காலத்தால் ஏறுவது. நீங்கள் தூங்கினாலும், ரேஷன் வரிசையில் நின்றாலும் அது பாட்டுக்கு ஏறும். இன்ஜினின் வேகத்தைக் கூட்டுகிற ஒரு பாடத்தின் ஐந்தாம் நிலைக்கு மட்டும் மூன்று வாரம் போல ஆகும். கற்காமல் கற்கிற இந்த முறை என் சுபாவத்துக்கு மிகவும் பொருந்தி வந்தது. ஓடுகிற படிப்பு அத்தனையிலும் ஐந்தாம் நிலைக்கு வந்துவிட்டேன். சுடுகிற படிப்பில் இன்னும் ஒன்றாம் நிலை.

கடைசியில் எடுத்த முடிவு ஒரு குடும்பஸ்தனின் முடிவு: இரண்டையும் மாட்டுவது. தூரத்துக்கு மைக்ரோவார்ப், கிட்டத்துக்கு ஆஃப்டர்பர்னர். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது என்றாலும், இரண்டும் இருக்கிறது என்ற நினைப்பே ஒரு தெம்பு. ஆனால் இரண்டையும் தாங்குகிற பவர் கப்பலில் இல்லை. 200 மில்லிமீட்டர் துப்பாக்கிகளைக் கழற்றி 150 மாட்டினேன். போதவில்லை. 125 மாட்டினேன். சிவப்பு எழுத்து போகவில்லை. துப்பாக்கியே இல்லாமல் பார்த்தேன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

மகன் எட்டிப் பார்த்தான். அவன் இதில் என்னைவிட சீனியர்.

“அப்பா, மூணாவது மிட் ஸ்லாட் காலியா இருக்கே. ஸ்க்ராம் போடல?”

“எதுக்கு?”

“எதிரி ஓடாம பிடிச்சு வைக்க.”

“அவன் போகணும்னு நினைச்சா போகட்டுமேடா. நாம ஏன் பிடிச்சு வைக்கணும்?”

அவன் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். “சரி, கிளம்புங்க” என்றான்.

பாதுகாப்புக் குறைந்த ஒரு நட்சத்திர மண்டலத்துக்குள் நுழைந்தேன். என் கப்பலிலிருந்து 30 கிலோமீட்டரில் ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான். ஓடவிடாமல் பிடித்து வைக்கிற டிஸ்ரப்டர் சாதாரணமாக 24 கிலோமீட்டர்தான் எட்டும். எந்த இன்ஜினைத் தட்டுவது என்று என் விரல் இங்குமங்கும் அலைந்தது.

“எதையும் தொடாதீங்கப்பா!” என்று கத்தினான் மகன். “உச்ச வேகத்துல முக்கால் பங்கு வந்தாதான் வார்ப் ஆகி இங்கேருந்து தாவ முடியும். இன்ஜினைப் போட்டா உச்ச வேகமும் ஏறும், எடையும் ஏறும். லேட்டாகும். போடாம ஒரு கிரகத்தைப் பார்த்துத் திருப்புங்க, போதும்.”

திருப்பினேன். எதிரி கிளம்பி வந்து சேருமுன் கப்பல் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. இரண்டு இன்ஜினும் சூடுகூட ஆகவில்லை.

இந்த விளையாட்டில் சண்டை முடிந்தால் இரு தரப்பும் பொது அரட்டையில் ‘ஜி.எஃப்.’ என்று போடுவது மரியாதை. நல்ல சண்டை என்று பொருள். மரியாதையில் நான் குறை வைப்பதில்லை. கிரகத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக நின்றுகொண்டு ‘ஜி.எஃப்.’ என்று தட்டினேன்.

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு அவன் கேட்டான்: “யார்கூட?”