கணக்குக் காய்ச்சல்

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு மற்ற பாடமெல்லாம் வருகிறது, கணக்கு என்றால் மட்டும் காய்ச்சல் வருகிறது. மருந்து உண்டா?
– ஒரு வாசகி, மணப்பாறை

பதில்: உண்டு, ஜாமெட்ரி பாக்ஸிலேயே இருக்கிறது! வினாத்தாளின் கடைசிப் பகுதியில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. தேர்ச்சிக்கு வேண்டிய 35-இல் ஏறக்குறையப் பாதி அங்கேயே கிடக்கிறது. முதல் வேலையாக காம்பஸின் திருகை இறுக்குங்கள். அது லூசாக இருந்தால், 4 செ.மீ. ஆரத்தில் கிளம்பிய வட்டம் ஊரைச் சுற்றிவிட்டு வேறெங்கோ போய்ச் சேரும். அதற்குத் தொடுகோடு வரையச் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? பென்சிலைக் கூராகச் சீவி, உதவிப்படம் போட்டுத் தொடங்கட்டும். கிராஃப் தாளின் மூலையில் அளவுத்திட்டம் எழுத மறக்க வேண்டாம்.

இன்னொன்று. கணக்கு வராத பிள்ளைகளில் பலருக்கு உண்மையில் வராதது ஏழாம் வகுப்புப் பின்னமும் குறை எண்ணும்தான். பத்தாம் வகுப்பில் எழுந்து அதைக் கேட்கக் கூச்சம். அவளுக்காக நீங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். சின்ன ஊரில் அதற்குப் பெற்றோர் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். சனிக்கிழமை காய்கறிக் கடையிலேயே அகப்படுவார்.