தைல நாத விச்ராந்தி விளக்கம்: குறட்டைப் படலத்துடன்

1. நூல் எழுந்த காரணம்

களைப்பைப் போக்கிக்கொள்ளும் பொருட்டு மனிதர் பிரயாணம் செய்கிறார்கள் என்பதும், பிரயாணத்தால் உண்டான களைப்பைப் போக்கிக்கொள்ளும் பொருட்டுப் போய்ச் சேர்ந்த ஊரில் எண்ணெய் தேய்த்துக்கொண்டும் வெண்கலக் கிண்ணத்தின் ஓசையைக் கேட்டுக்கொண்டும் படுத்துக் கிடக்கிறார்கள் என்பதும், அதற்குரிய கட்டணச் சீட்டைக் கண்ட மாத்திரத்தில் உண்டாகும் களைப்புக்கு இன்றளவும் பரிகாரம் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதும் உலகம் அறிந்த விஷயங்களே. ஆயினும் இவற்றைக் குறித்து முறையான ஆராய்ச்சி நூல் ஒன்று தமிழில் இதுவரை எழவில்லை. கல்வெட்டில் சிதைந்துபோன ஓர் எழுத்து ரகரமா றகரமா என்னும் தர்க்கத்தில் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகாமல் நிறுத்திக்கொண்ட பண்டிதர்களைப் பெற்ற நாட்டில், ஸ்பா என்று யாவரும் வழங்கும் இவ்விச்ராந்திச் சாலையைப் பற்றி ஓர் அடிக்குறிப்புக்கூட இல்லாதது வருந்தத்தக்கது. அக்குறையை நிறைவு செய்யவே இச்சிறு முயற்சி.

2. மூலமும் பாடபேதங்களும்

ஆராய்ச்சிக்கு நிலைக்களம் கோவளம் கடற்கரையில் உள்ள ஒரு விடுதி. பெயர் ஈண்டு வேண்டப்படுவதன்று. மூலநூல் அவ்விடுதியின் கட்டணப் பட்டியல். இதற்கு மூன்று பிரதிகள் கிடைத்துள்ளன: வரவேற்பு மேசையின் கண்ணாடிக்கடியில் பூரணமாக விளங்கும் மேசைப் பிரதி, மூங்கிற் கழியும் கூழாங்கல்லும் படமாக வரையப்பெற்று, விலை மாத்திரம் விடுபட்டுப்போன லிஃப்ட் பிரதி, காபிக் கோப்பை வைத்த வட்டக் கறையால் நான்காம் ஐந்தாம் வரிகள் சிதைந்த கட்டிலருகுப் பிரதி.

மேசைப் பிரதியில் ‘60 நிமிஷம்’ என்று காணப்படுவது கட்டிலருகுப் பிரதியில் ‘50 நிமிஷம்’ என்று பேதப்படுகிறது. உடை களையும் நேரமும் எண்ணெய் சுடும் நேரமும் கூட்டி இரண்டு பாடமும் பொருந்தும் என்று உரைகாரர் சமாதானம் கூறுவர் (வரவேற்பாளர், வாய்மொழி, தொலைபேசியை ஒரு காதில் வைத்தபடி). ‘வரி தனி’ என்னும் ஈற்றடி மூன்று பிரதிகளிலும் எறும்பெழுத்தில் இருத்தலின் அது பிற்காலத்தார் செருகியதாதல் வேண்டும் என்பது என் துணிபு. ரசிகமணி டி. கே. சி. கம்பராமாயணத்திலிருந்து செருகு கவிகளைத் தள்ளிய அதே துணிச்சலோடு நானும் அதைத் தள்ளினேன். காசாளரோ அது மூலாசிரியர் வாக்கே என்று சாதித்து, வசூலித்தும்விட்டார்.

3. அதிகாரிகள்

இச்சிகிச்சைக்கு உரியவர் நால்வகையினர்: உடம்பு நொந்தவர், மனம் நொந்தவர், வீட்டம்மாள் முன்பதிவு செய்துவிட்டபடியால் வந்தவர், அறை வாடகையில் இதுவும் அடங்கும் என்று நம்பி வந்தவர். முதல் மூவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான்காமவரைப் பற்றிக் காசாளர் சொல்வார்.

4. தைலப் படலம்

எண்ணெய் தேய்த்துக்கொள்வதை வாக்படர் அஷ்டாங்க ஹிருதயத்தின் சூத்திரஸ்தானம் இரண்டாம் அத்தியாயத்தில் நித்திய கடன்களுள் வைத்து, தலை, காது, பாதம் என்னும் மூன்றிடங்களுக்கு விசேஷமாக விதிக்கிறார். குடமும் தோலும் வண்டியச்சும் எண்ணெயால் உறுதி பெறுவதைப் போல உடம்பும் உறுதி பெறும் என்பது சரகர் வாக்கு. நாகர்கோவிலிலிருந்து நின்றுகொண்டே பஸ்ஸில் வந்தவர் இம்மூன்றனுள் வண்டியச்சின் பக்ஷத்தையே ஆதரிப்பார். வாக்படர் மேலும் ஒன்று சொல்கிறார்: கபம் மிகுந்தவரும் அஜீரணம் உள்ளவரும் தைலம் தொடலாகாது. காலை ஒன்பது மணிக்கு அப்பமும் புட்டும் கடலைக் கறியும் வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளும்படி பரப்பி வைத்து, பத்தரை மணிக்குத் தைலத்துக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் விடுதி நிர்வாகத்தார் இந்தச் சுலோகம் வரையில் படித்ததாகத் தெரியவில்லை.

செய்முறை வருமாறு. கௌபீனம் ஒன்றைக் கட்டிவிட்டு, பிரயாணியை ஒரு முக்காலியில் அமர்த்தி, வெந்நீரில் மிதக்கும் எவர்சில்வர் கிண்ணத்திலிருந்து இளஞ்சூடான தைலத்தை எடுத்து உச்சியில் வைத்துத் தட்டுவர்; பிறகு மரத்தாலான தோணியில் கிடத்தித் தோள் முதல் பாதம் வரையில் நீண்ட வீச்சாக உழிவர். தன்வந்தரமோ க்ஷீரபலாவோ, எது என்பதைத் துவாலையில் படிந்த மணத்தைக்கொண்டு மறுநாளும் நிர்ணயிக்கலாம். 1902இல் பி. எஸ். வாரியர் கோட்டக்கலில் ஆரிய வைத்திய சாலையை நிறுவி, வைத்தியர் வீட்டு முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த கஷாயத்தையும் தைலத்தையும் போத்தலில் அடைத்துக் கொடுக்கத் தொடங்கியிராவிட்டால் பிரயாணிக்கு இந்தச் சௌகரியம் ஏது? முடிவில் பயற்றமாவு தேய்த்துக் குளிப்பாட்டி, ஈரம் உலர்ந்த உச்சியில் ஒரு சிட்டிகை ராஸ்னாதிப் பொடியைத் திருகித் தேய்த்து அனுப்புவர்.

‘பிரஷர் போதுமா சார்?’ என்று நடுவில் ஒரு வினா எழும். அதற்கு எந்தப் பிரயாணியும் உண்மையான விடை கூறியதற்குச் சான்று இல்லை. விலா எலும்பு நெரிபடும்போதும் ‘போதும்’ என்பர். கை பட்டதே தெரியாதபோதும் ‘போதும்’ என்பர். இதன் விரிவை என் மற்றொரு நூலிற் காண்க. அந்நூல் இன்னும் எழுதப்படவில்லை.

தலைக்குத் தைலம் என்னும் வழக்கின் தொன்மையைப் பற்றி ஐயம் கொள்வோர் திருக்குற்றாலத்துக்குப் போவாராக. திருமாலாக நின்ற மூர்த்தியை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்றும், அதனால் உண்டான தலைவலி தீரவே குற்றாலநாதருக்கு மூலிகைத் தைலம் சாத்தப்படுகிறது என்றும் ஸ்தலபுராணம் கூறும். பிரஷர் போதுமா என்று அகத்தியர் கேட்டதாகப் புராணத்தில் இல்லை.

5. நாதப் படலம்

இனி நாதம். கிண்ணத்தை உள்ளங்கையில் ஏந்தி, தோல் சுற்றிய மரக்கட்டையால் விளிம்பை மெல்ல உரசிக்கொண்டே வந்தால் அது பாடத் தொடங்கும். கட்டை விளிம்பில் ஒட்டியும் வழுக்கியும் செல்வதால் விளிம்பு நடுங்குகிறது. வட்டம் ஒரு கணம் நீள்வட்டமாகி, மறுகணம் குறுக்கே நீள்கிறது. கையால் அடித்துச் செய்த பாத்திரமாகையால் எங்கும் ஒரே கனம் இராது. ஆதலால் மிக நெருங்கிய இரண்டு சுருதிகள் ஒருங்கே எழுந்து ஒன்றையொன்று தழுவியும் விலகியும் செல்ல, ஏறி இறங்கும் அந்த அலை பிறக்கிறது. அதிரும் பாத்திரத்து நீரில் எழும் அலைகளை ஃபாரடே 1831இலேயே ஆராய்ந்திருக்கிறார். 2011இல் தெர்வான், புஷ் என்னும் இருவர் இதே கிண்ணத்தில் நீரை ஊற்றி, நீர்த்துளிகள் நீரின்மேலேயே குதித்து விளையாடுவதைப் படம் பிடித்து, கணக்கும் போட்டுக் காட்டினர். ஆராய்ச்சி என்ற பெயரில் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி விளையாட அனுமதிக்கும் சர்வகலாசாலைகள் உள்ள தேசங்கள் பாக்கியம் செய்தவை.

இக்கிண்ணம் இமயத்து மடாலயங்களின் பரமரகசியம் என்றும், ஏழு கிரகங்களுக்கு ஏற்ப ஏழு உலோகங்களால் ஆனது என்றும் லிஃப்ட் பிரதி (படத்துக்குக் கீழே, இடப்புறம், மூங்கில் நிழல் விழாத பகுதி) கூறுகிறது. சோதித்த கிண்ணங்களிலோ செம்பு ஏறக்குறைய நான்கு பங்கும் வெள்ளீயம் ஒரு பங்குமாக, நம் கன்னார் அறிந்த வெண்கலமே பெரும்பாலும் இருந்தது. மற்ற ஐந்து கிரகங்களும் விற்பனையின்போது வந்து சேர்ந்தவை. 1972இல் ஹென்றி வூல்ஃப், நான்சி ஹென்னிங்ஸ் என்னும் இருவர் ‘டிபெத்தன் பெல்ஸ்’ என்ற இசைத்தட்டை வெளியிட்ட பிறகே மேனாட்டார் இதற்குச் செவி சாய்த்தனர். மேனாட்டார் செவி சாய்த்த பிறகே நாமும் சாய்த்தோம்.

கிண்ணத்தின் பூர்விகத்தைக் குறித்து அறிஞர் இரு கக்ஷியாகப் பிரிவர். வாத்ஸ்யாயனர் எண்ணிய அறுபத்துநான்கு கலைகளுள் நீர்வாத்தியமும் ஒன்றாகையால் ஜலதரங்கமே வடக்கே போய்க் கிண்ணமாயிற்று என்பார் ஒருவர். கடல்கொண்ட தென்னாட்டிலிருந்து நேரே மிதந்து போயிற்று என்பார் மற்றவர். இரு சாராரும் தத்தம் சொந்த ஊர்ச் சந்தைக்கு எவ்வளவு அருகில் கிண்ணத்தைக் கொண்டுவர இயலுமோ அவ்வளவு அருகில் கொண்டுவந்து நிறுத்திய பிறகே ஓய்வர்.

நாதத்தால் நோய் தீரும் என்னும் கொள்கைக்கு மேற்கிலும் ஒரு பூர்வ கதை உண்டு. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1761இல் கண்ணாடிக் கிண்ணங்களை வரிசையாகக் கோத்து ஆர்மோனிகா என்ற வாத்தியத்தைச் செய்தார். அதை இசைத்து மெஸ்மர் என்னும் வைத்தியர் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். 1784இல் மெஸ்மரின் சிகிச்சையை விசாரிக்கப் பிரெஞ்சு அரசர் அமைத்த குழுவில் அதே ஃபிராங்க்ளின் அமர்ந்து, எல்லாம் கற்பனையின் பலம் என்று தீர்ப்பளித்தார். வாத்தியம் செய்தவரே வைத்தியத்தை மறுத்த இவ்வரலாறு கட்டணப் பட்டியலின் எப்பிரதியிலும் காணப்படவில்லை.

6. குறட்டைப் படலம்

இனி நூலின் உயிர்நிலைக்கு வருகிறோம். விடுதியின் மேல்மாடிக் கூடத்தில், மாலை நேரத்தில், பாய்களில் வரிசையாக மல்லாந்து, கண்களைத் துணியால் மூடிக்கொண்டு ஆடவரும் பெண்டிரும் கிடக்க, வெள்ளைப் பருத்தி உடுத்த ஒருவர் கிண்ணங்களை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யும்போது, மூன்றாவது கிண்ணம் ஓய்ந்து நான்காவது தொடங்கும் சந்தியில், எங்கிருந்தோ ஒரு குறட்டை எழும். அது எழாத நாத சிகிச்சை உலகில் இல்லை.

இலக்கணம்: உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர, நாவு பின்வாங்க, குறுகிய வழியே மூச்சு செல்லுங்கால் மெல்லண்ணமும் உள்நாக்கும் அதிர்ந்து பிறக்கும் ஓசை குறட்டையாம். மல்லாந்து படுப்பதால் இது மிகும். மல்லாந்து படுக்கச் சொல்வது சிகிச்சையின் விதி. ஆகவே விதியே இதற்கு நிமித்த காரணம் என்பது பெறப்படும்.

வகை: ஆரோகணக் குறட்டை, அவரோகணக் குறட்டை, இடைநிறுத்தக் குறட்டை என மூன்று. முதலது கிண்ணத்தோடு போட்டியிடும். இரண்டாவது கிண்ணத்துக்குச் சுருதி கொடுக்கும். மூன்றாவது திடீரென்று நின்றுபோய், அடுத்தது வருமா வராதா என்று கூடத்திலுள்ள அனைவரையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கச் செய்து, பிறகு திணறலோடு வெடிக்கும். இவ்வகையினர் கிண்ணத்தை விட்டு நேரே மருத்துவரிடம் போவது நலம். இந்நூலில் விளையாட்டாகச் சொல்லப்படாத வாக்கியம் இது ஒன்றே.

பூர்வபக்ஷம்: குறட்டை சிகிச்சைக்கு இடையூறு, ஆதலால் குறட்டை விடுபவரைக் கால்விரலால் சீண்டுதல் தகும் (கிழக்குச் சுவரோரம் இரண்டாம் பாயிலிருந்த அம்மையார், கண்துணியை அரையங்குலம் உயர்த்தி, பெரிய கிண்ணத்தின் ஒலி முற்றும் அடங்குமுன், தம் தங்கையின் காதில், இதே கருத்தைச் சிறிது கடுமையான சொற்களால் அத்தங்கை, மூன்றாம் பாய், தலையணையுள் முகம் புதைத்து, இவ்விருவரையும் தழுவிக் கூடம் முழுதும் எழுந்த பெருமூச்சு). அம்மையாரின் கணவர் இக்கொள்கையை மறுத்தாரில்லை. ஆராய்ச்சிப் பொருளாகவே அவர் முதற்பாயில் கிடந்தார்.

இரண்டாம் பக்ஷம்: குறட்டையும் நாதமே, ஆதலால் அதுவும் சிகிச்சையின் ஓரங்கம் (கிண்ணம் இசைத்தவர், புன்னகையோடு, கட்டணத்தைத் திருப்பித் தர இயலாது என்பதற்குப் பீடிகையாக).

சித்தாந்தம்: குறட்டை சிகிச்சையின் இடையூறும் அன்று, அங்கமும் அன்று, அதன் பயனே அது. விச்ராந்தி தேடி வந்த அத்தனை பேரிலும் விச்ராந்தி பெற்றவர் யார் என்று நடுநிலையோடு நோக்கினால், யாரைப் பற்றி மற்றவர் முறையிட்டாரோ அவர் ஒருவரே. ஏனையோர் பொறாமையால் விழித்திருந்தவர்கள். விழித்திருந்தவரும் உறங்கினவரும் ஒரே கட்டணம் செலுத்தியது நியாயமா என்பது தர்மசாஸ்திர விஷயம்.

குற்றாலத்தில் ஏன் இவ்வாராய்ச்சியை நடத்தவில்லை என்று கேட்கலாம். அங்கும் தைலம் உண்டு, நாதமும் உண்டு. சாரல் காலத்தில் கற்படியில் வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தவரின் தலையிலும் தோளிலும் எண்ணெய்க்காரர் இரு கையாலும் படபடவென்று தட்டும் தாளமும், பின்னால் பேரருவி விழும் முழக்கமும் எந்த வெண்கலத்துக்கும் இளைத்தவை அல்ல. எண்ணெயும் சோப்பும் அருவிக்குள் கொண்டுபோகத் தடை இருப்பதால் எண்ணெயை எட்டத்திலேயே முடித்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவே. ஆனால் அங்கே கட்டணப் பட்டியல் இல்லை; பட்டியல் இல்லாத இடத்தில் பாடபேதம் இல்லை; பாடபேதம் இல்லாததை அறிஞர் ஆராய்ச்சிக்கு உரியதாகக் கொள்வதில்லை. அன்றியும் அருவியின் கீழ் நின்றுகொண்டு குறட்டை விடுவார் இலர், விட்டாலும் கேளாது.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் நாத விச்ராந்திக்கு இன்றியமையாதவை ஐந்து என்பது தெளிவாகிறது: அரையிருள், வயிறு நிறைந்த பின்னேரம், ஏற்ற இறக்கம் மிகாமல் நீளும் ஓசை, எழுந்து போக இயலாத சங்கடம், அயலார் குறட்டை. இவ்வைந்தும் ஒருங்கே அமைந்த ஓரிடத்தைத் தேடி இமயத்துக்கும் கோவளத்துக்கும் பொருள் செலவிட்டு அலைய வேண்டுவதில்லை. நம் சர்வகலாசாலைகளில் நிகழும் ஆய்வரங்குகளின் பிற்பகல் அமர்வில், திரையில் படம் காட்டும் பொருட்டு விளக்கணைத்து, ஐம்பது பக்கக் கட்டுரையை ஒருவர் தலை நிமிராமல் வாசிக்கத் தொடங்கியதும் இவை அனைத்தும் தாமே வந்து பொருந்துகின்றன. கட்டணம் இல்லாததோடு, வந்து உறங்கினவருக்குப் பிரயாணப்படியும் கொடுக்கிறார்கள். தைலம் மாத்திரம் அங்கே இல்லையே என்று ஒருவர் ஆட்சேபிக்கக்கூடும். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று காலை முழுதும் அறிஞர் ஒருவர் முதுகை ஒருவர் உழிந்துகொடுப்பதை அருகிருந்து கேட்டவர் அந்த ஆட்சேபத்தைக் கிளப்பமாட்டார்.