தாய்லாந்துத் தொலைக்காட்சி நாடகங்களில் எண்வகை மெய்ப்பாடு: கன்னத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மெய்ப்பாட்டை எட்டாக வகுத்தார் தொல்காப்பியர். இந்த எட்டில் அடங்காத பொருள் எதையும் தமிழாய்வுலகம் இன்றுவரை கண்டதில்லை. சிறுகதை அடங்கிவிட்டது, சினிமாப் பாட்டு அடங்கிவிட்டது. அடங்க மறுத்தவற்றுக்குப் 'புறனடை' என்று கடைசியில் ஓர் இயலைச் சேர்த்து, அட்டை போட்டு ஒப்படைத்தாயிற்று. மிச்சம் இருந்தது தாய்லாந்துத் தொலைக்காட்சி நாடகம் ஒன்றுதான். அங்கே அதை லக்கோன் என்பார்கள். இரவுச் சாப்பாட்டு வேளையை ஒட்டித் தொடங்கி, விளம்பரங்களோடு சேர்ந்து இரண்டு மணி நேரம் ஓடும் இந்த வடிவத்தை எட்டுப் பெட்டிகளில் அடைக்கும் பொறுப்பை ஆய்வாளர் ஒருவர் தாமாகவே ஏற்றுக்கொண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. ஆய்வுக்கு அது தடையுமன்று.

எந்த ஆய்வும் வரலாற்றுப் பின்னணியோடு தொடங்க வேண்டும் என்பது மரபு. அந்தப் பின்னணி ஆய்வுக்கு உதவ வேண்டும் என்று மரபில் எங்கும் சொல்லப்படவில்லை. ஆகவே: தாய்லாந்தின் முதல் தொலைக்காட்சி நிலையமான நான்காம் அலைவரிசை 1955 ஜூன் 24 அன்று பாங்காக்கின் பாங் குன் ப்ரோம் மாளிகையிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே முதல் நாடகம் வந்தது. சூரியாணி கல்யாணத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்பது அதன் தலைப்பு. அதன்பிறகு வந்த கதாநாயகிகள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ள வைக்கப்பட்டிருக்கிறார்கள். 1967-இல் ஏழாம் அலைவரிசையும் 1970-இல் மூன்றாம் அலைவரிசையும் வந்து, பல பத்தாண்டுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நாடகம் போட்டன.

பாங்காக்கின் அரண்மனை அந்தணர்கள் இன்றும் திருவெம்பாவையை ஓதுகிறார்கள் என்பது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு, லக்கோனும் தமிழரிடமிருந்தே கப்பலேறிப் போயிற்று என்று நிறுவ ஆய்வாளருக்குக் கை அரித்தது. அடுத்த மாநாட்டுக்கும் ஒரு கட்டுரை வேண்டுமே என்று அடக்கிக்கொண்டார்.

முதலாவது நகை. இதற்கு எடுத்துக்காட்டு 2018-இல் மூன்றாம் அலைவரிசையில் வந்த 'புப்பேசன்னிவாத்'. வெளிநாட்டில் 'லவ் டெஸ்டினி' என்ற பெயரில் பார்க்கப்பட்டது இதுதான். உடல் பருத்த, சாப்பாட்டுப் பிரியையான தொல்லியல் மாணவி ஒருத்தி விபத்தில் இறந்து, நாராய் மன்னர் ஆண்ட பதினேழாம் நூற்றாண்டு அயுத்தயாவில் காராகேத் என்ற பெருங்கோபக்காரியின் உடம்புக்குள் விழித்தெழுகிறாள். பல்லக்கும் அடிமைகளும் வாய்த்த பிறகும் அவளுடைய கவலை, பன்றி இறைச்சி வாட்டும் சட்டி இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கும் என்பதுதான். கொல்லனிடம் சொல்லி அடித்து வாங்கிக்கொள்கிறாள். பச்சை மாங்காயை இனிப்பு மீன்சாற்றில் தொட்டுத் தின்கிறாள். பார்த்தவர்கள் மறுநாள் மாங்காய் வாங்க ஓடினார்கள். மன்னர் பிரசாத் தோங் 1630-இல் கட்டத் தொடங்கிய வாட் சைவத்தனாராம் ஆலய வளாகத்தில், பழங்கால உடையை வாடகைக்கு எடுத்துக் கட்டிக்கொண்ட கூட்டம் படம் பிடிக்க வரிசையில் நின்றது. வரலாற்றுப் பேராசிரியர்கள் வகுப்பறையில் கதவைச் சாத்திவைத்தும் உட்கார்த்த முடியாத அயுத்தயா வரலாற்றை ஒரு மாங்காய் உட்கார்த்திக் கேட்க வைத்தது. நாடகத்தில் வரும் கிரேக்கர் கான்ஸ்டன்டைன் ஃபால்கனும், 1686-இல் பிரான்சுக்குப் போன தூதுக்குழுவும் கற்பனையல்ல. பதினைந்து பகுதிகளில் கதையை முடித்துவிட்டார்கள் என்பதைத் தமிழ் நெடுந்தொடரில் ஊறியவர்கள் நம்பமாட்டார்கள். அவர்களுடைய வியப்பு மருட்கையில் சேரும்.

அழுகைக்கு ஒரே நூல் போதும்: தொம்மயந்தியின் நாவலிலிருந்து பிறந்த 'கூ கம்'. இரண்டாம் உலகப்போரின்போது பாங்காக்கில் இருக்கும் ஜப்பானியக் கடற்படை அதிகாரி கொபோரி, தாய்லாந்துப் பெண் அங்சுமாலினை மணக்கிறான். அவளுக்கு அவன் மேல் அன்பு உண்டு; அதைச் சொல்ல மனமில்லை. நேச நாட்டு விமானங்கள் பாங்காக் நோய் ரயில் நிலையத்தின் மேல் குண்டு வீசியபின், இடிபாடுகளுக்கு நடுவில் சொல்கிறாள். அவன் இறந்துபோகிறான். பாடகர் தோங்சாய் மெக்கின்டயர் நடித்த 1990-ஆம் ஆண்டுத் தொடர் நாட்டையே வீட்டுக்குள் உட்கார வைத்தது. 2004-இல் மறுபடி எடுத்தார்கள். கொபோரி மறுபடி இறந்தான். 2013-இல் தொலைக்காட்சியில் ஒருவரும் திரைப்படத்தில் வேறொருவருமாக, ஒரே ஆண்டில் இரண்டு தடவை இறந்தான். முடிவு தெரிந்தே பார்ப்பவர் விடும் கண்ணீர் அழுகையில் சேருமா, பழக்கத்தில் சேருமா என்ற கேள்விக்கு இரண்டு அடிக்குறிப்புகள் எழுதப்பட்டன. அடிக்குறிப்புகள் ஒன்றையொன்று மறுத்தன.

வகைப்பாட்டுக்கு முதல் இடியும் இங்கேதான் விழுந்தது. பொதுவாக லக்கோனில் கதாநாயகி கூடத்தில் விம்மிக்கொண்டிருக்கும்போது, கதவுக்குப் பின்னால் வேலைக்காரிகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து ஒட்டுக்கேட்பார்கள். யாராவது தடுக்கி விழுந்தால் 'பொய்ங்' என்று ஓர் ஒலி வரும். ஒரே சட்டகத்தில் நகையும் அழுகையும். ஆய்வாளர் அசரவில்லை. கூடத்தை ஒரு நாடகமாகவும் கதவைத் தனி நாடகமாகவும் கொண்டு கணக்கை நேர்செய்தார்.

இளிவரல்: 'ரேங் ஙாவ்' (2012). திருமணமான மேலதிகாரியை நம்பி, அவர் மனைவியால் ஊரறிய அவமானப்பட்டு முத்தா உயிரை மாய்த்துக்கொள்கிறாள். இரட்டைப் பிறவியான முனின் அதே முகத்தோடு அதே அலுவலகத்துக்கு வந்து பழிதீர்க்கிறாள். இருவரும் நடிகை ஜேனி. ஒரே முகத்தில் இளிவரலும் வெகுளியும் வருவதால் ஜேனியை இரண்டு பேராகவே ஆய்வு பதிவு செய்தது.

மருட்கைக்கு நாக அரசி வரும் 'நாகி' (2016). வேறு விளக்கம் தேவையில்லை, பாம்பு பெண்ணாகிறது.

அச்சத்தில் ஒரு சிக்கல். 2018-இல் வந்த 'கேர்ள் ஃப்ரம் நோவேர்' தொடரில் நான்னோ என்ற மாணவி பள்ளி பள்ளியாகச் சேர்ந்து, அங்குள்ள பொய்யர்களை அவர்கள் பொய்யாலேயே மாட்ட வைக்கிறாள். சிச்சா அமாத்தயகுல் சிரிக்கும் அந்தச் சிரிப்பைக் கேட்டவருக்கு முதுகு சில்லிடும். சிரிப்பவளுக்கு நகை, கேட்பவருக்கு அச்சம். மெய்ப்பாடு நடிப்பவரைச் சேருமா, பார்ப்பவரைச் சேருமா? உரையாசிரியர்கள் இதை நூற்றாண்டுக்கணக்கில் விவாதித்திருப்பதால் ஆய்வாளர் 'விரிப்பின் பெருகும்' என்று எழுதி நகர்ந்தார். விடை தெரியாத இடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொடரைத் தமிழ் இன்னும் உருவாக்கவில்லை.

பெருமிதம்: காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நாட்டுப்பண் ஒலிக்கையில்.

இனி வெகுளி. மற்ற ஏழுக்கும் ஒதுக்கியிருந்த தாளும் இதற்கே போயிற்று. லக்கோனில் வெகுளி கோபப்படுபவரின் முகத்தில் தோன்றுவதில்லை; எதிராளியின் கன்னத்தில் தோன்றுகிறது. அறையின் உறுப்புகள் ஆறு: ஓங்கல், இடைநிற்றல், வீழ்தல், ஒலித்தல், திரும்பல், பொத்தல். இவற்றுள் இடைநிற்றல் என்பது கதாநாயகன் சரியான நேரத்தில் வந்து மணிக்கட்டைப் பிடிக்கும்போது நிகழ்வது. அப்போது பின்னுள்ள நான்கும் கெடும். விழுந்த அறை எல்லாவற்றுக்கும் பொத்தல் உண்டு. அறைபட்டவள் கன்னத்தைப் பொத்தியவாறே நிமிர்ந்து பார்க்காவிட்டால் விளம்பரம் போட முடியாது.

ஓர் அறையை மூன்று கோணங்களிலிருந்து மூன்று தடவை அடுத்தடுத்துக் காட்டும் வழக்கம் பற்றிப் பெரிய சண்டை உண்டு. விழுந்தது ஒரே அறை, மற்ற இரண்டும் தோற்ற மயக்கம் என்பர் அத்வைதிகள். மூன்று தடவை ஒலி கேட்டதால் அறையும் மூன்று என்பர் துவைதிகள். அறை ஒன்றுதான், ஆனால் கோணங்கள் அதற்கு உடல் என்பர் விசிஷ்டாத்வைதிகள். அறைபட்டவளை யாரும் கேட்கவில்லை. சோபாவின் இடக்கோடி உரையாசிரியர் 'வலித்தது ஒரு தடவையே' என்று எழுதினார். அவரை மறுத்து வலக்கோடியார் எழுதிய விரிவுரை, அறையை விட்டுவிட்டு இடக்கோடியாரின் சந்திப்பிழைகளை மட்டும் ஆராய்கிறது. இருவரையும் கண்டித்து மூன்றாமவர் ஒருவர் 'கன்ன விளக்க மறுப்பின் மறுப்பு' என்று ஒரு நூல் செய்தார். அறை விழுந்த வேளையில் அவர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். முதல் நூலையும் அவர் படித்ததில்லை. பாடத்திட்டத்தில் இருப்பது அந்த நூல்தான்.

அறைபவர்கள் யார்? பெரும்பாலும் நாங் ராய் எனப்படும் வில்லி. முன்பாதி முழுக்கப் பொறுத்துக்கொண்ட கதாநாயகி பின்பாதியில் வட்டியோடு திருப்பித் தருகிறாள். 2008-இல் வந்த 'சொங்க்ராம் நாங் ஃபா' தொடரில் ஒரு விமானிக்காக விமானப் பணிப்பெண்கள் சீருடையோடு அடித்துக்கொண்டார்கள். நிஜப் பணிப்பெண்கள் தங்கள் தொழிலைக் கேவலப்படுத்துவதாகக் கலாசார அமைச்சகம்வரை போய் முறையிட்டார்கள். முறையீடு நாடகத்துக்கு இலவச விளம்பரமாகவும் அமைந்தது.

இதன் உட்பிரிவு ஒன்று உண்டு. 'தொப் ஜூப்' என்று தாய்லாந்தில் தனி வகையாகவே பேசப்படுவது. கதாநாயகி அறைவாள், கதாநாயகன் பிடித்து முத்தமிடுவான். 2008-இல் மறுபடி எடுக்கப்பட்ட 'சம்லோய் ரக்' இதில் செவ்வியல். தம்பியின் சாவுக்குப் பழிவாங்கப் புறப்பட்ட நாயகன் தவறான பெண்ணைத் தூக்கிக்கொண்டுபோய்த் தீவில் அடைத்துவைக்கிறான்; அதுதான் காதல். இதை வெகுளியில் வைப்பதா உவகையில் வைப்பதா என்று ஆய்வாளர் குழம்பிக்கொண்டிருந்தபோது, தாய்லாந்துப் பெண்களில் பலர் இது குற்றத்தில் சேரும் என்று ஏற்கெனவே வகைப்படுத்தி முடித்திருந்தார்கள். நாடகங்களில் வன்புணர்வைக் காதலாகக் காட்டுவதற்கு எதிராக 2014-இல் கையெழுத்தும் திரட்டப்பட்டது.

தாய்லாந்துத் தொலைக்காட்சியில் சிகரெட்டை மங்கலாக்கிவிடுவார்கள். மதுக்கோப்பையை மங்கலாக்குவார்கள். தலையில் வைத்த துப்பாக்கியையும் கட்டம் கட்டமாகக் கலைத்துவிடுவார்கள். கடத்தலும் கன்னமும் தெளிவாகத் தெரியும். ஓர் ஆள் கையில் மூடுபனியோடு நின்றால் அவன் குடிக்கிறானா, புகைக்கிறானா, சுடப்போகிறானா என்று முகத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மெய்ப்பாட்டியலை இவ்வளவு மெனக்கெட்டு வளர்த்த அரசு வேறெங்கும் இல்லை.

உவகைக்கு '2கெதர்' (2020): தொல்லை கொடுப்பவனிடமிருந்து தப்பக் கல்லூரி மாணவன் ஒருவன் இன்னொருவனைப் பொய்க் காதலனாக நடிக்கக் கேட்கிறான், நடிப்பு மெய்யாகிறது. கொள்ளைநோய் ஊரடங்கில் ஆசியா முழுக்கப் பார்த்தது. இதில் அறையே இல்லாததால் ஆய்வுக்கு உதவவில்லை.

பின்வந்தோர் எட்டோடு சமநிலையை ஒன்பதாவதாகச் சேர்த்தார்கள். லக்கோனில் அதற்கும் ஓர் இடம் கிடைத்தது. ஊழல் அரசியல்வாதியையும் மாந்திரீகத்தையும் கலந்து கதை சொன்ன 'நுவா மேக் 2' தொடரை, உள்ளடக்கம் பொருத்தமில்லை என்று சொல்லி 2013 ஜனவரி 4 அன்று மூன்றாம் அலைவரிசை பாதியில் நிறுத்திவிட்டது. அந்த நேரத்துக்கு வேறொரு நாடகம் வந்து உட்கார்ந்தது. காட்சி இல்லை, ஒலி இல்லை, கன்னம் இல்லை. இதுவன்றோ சமநிலை என்று ஆய்வாளர் இயலை முடித்தார். ஆனால் மிச்சக் கதை எங்கே என்று பார்வையாளர்கள் கேட்ட கேள்வியில் சமநிலையின் சாயல் கொஞ்சமும் தென்படாததால், கடைசி மெய்ப்புப் பார்க்கையில் அந்தப் பத்தியை வெட்டி வெகுளியில் ஒட்டினார்.