எல்கடுவவில் இலையுதிர் காலம்

செப்டம்பர் பிறந்ததும் உலகத்தின் வடபாதிக் குளிர்நாடுகளில் உள்ள வீட்டலங்கார நிபுணர்களுக்கு அருள் வந்துவிடுகிறது. உதிர்ந்த இலைகளைப் பொறுக்கு, தலையணை உறையில் பதி, மேசை விரிப்பின் ஓரத்தில் கோத்துத் தை என்கிறார்கள். இந்த அருள்வாக்கு கைபேசி வழியாக இலங்கையின் நக்கிள்ஸ் மலையோரத்துத் தேயிலைத் தோட்ட ஊரான எல்கடுவவுக்கும் வந்துவிடுகிறது; இலைதான் வருவதில்லை. மேப்பிள் இலை சிவக்க வேண்டுமானால் பகல் நன்றாகக் குறுக வேண்டும், குளிரும் ஏற வேண்டும். எல்கடுவவிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூடக் கிடையாது. இந்த அற்பக் காரணத்துக்காக எந்த மரம் உடுப்பைக் கழற்றும்? கீழே மாத்தளைப் பக்கத்து றப்பர் மரங்கள் உதிர்க்கத்தான் செய்கின்றன. ஆனால் தை, மாசியில். அதற்குள் நிபுணர்கள் வசந்தகாலப் பூக்களுக்குப் போய்விடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே உதிர்வது மழை ஒன்றுதான். லயத்துக் கொடியில் ஒரு பெட்சீட்டைச் சில நாள் மறந்துவிட்டால் போதும், பூஞ்சணமே வந்து புள்ளிக்கோலம் போட்டுவிட்டுப் போகும்.

உண்மையில் இலையால் துணியை அலங்கரிக்கும் கலையில் எல்கடுவ யாரிடமும் பாடம் கேட்கத் தேவையில்லை. இலைப்பதிவின் சூட்சுமம் டனின் என்ற துவர்ப்புப் பொருள். அது பருத்தியில் பழுப்பாக ஒட்டும். இரும்புத்துரு சேர்ந்தால் கருஞ்சாம்பலாகும். கலம்காரிக்காரர்கள் கடுக்காயையும் துருவையும் வைத்துக் காலங்காலமாகச் செய்வது இதைத்தான். தேயிலையில் டனினுக்குப் பஞ்சமா? கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கைப் பாருங்கள்: கொழுந்துச் சாறு, மழை, மண், மறுபடியும் சாறு. வெள்ளைச் சீருடையில் சாயத் தண்ணி, அதாவது பாலில்லாத் தேநீர், கொட்டினால் எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாது என்பது ஊரறிந்த வேதியியல். “அது கறை, அலங்காரம் ஆகுமா?” என்று கேட்பார்கள். வேதிவினை இரண்டிலும் ஒன்றே. ஆற அமர உட்கார்ந்து செய்தால் கலை, வேலைநேரத்தில் தானாக நடந்தால் கறை என்று வகுத்தவர் நிச்சயமாகத் துணி துவைத்தவர் இல்லை.

அழகாகவும் திட்டமிட்டுப் பதித்ததாகவும் இருக்க வேண்டும் என்ற ஆசையும் நியாயமானதே. படங்கை எடுத்துக் கூடத்தில் மாட்டச் சொன்னால் அதைக் கட்டியவர்களே முதலில் சிரிப்பார்கள். திட்டமிட்டுப் பதிக்கத் தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு (சில்வர் ஓக்) இருக்கிறது. பூர்வீகம் அவுஸ்திரேலியா என்றாலும் பல தலைமுறையாக இங்கே குடியிருக்கும் மரம். ஓரம் வெட்டுவெட்டாக இருக்கும் அதன் இலையைப் படிகாரத்தில் ஊறிய பருத்தியில் பரப்பி, துருநீர் தெளித்து, இறுக்கச் சுருட்டிக் கட்டி ஆவியில் வைக்கலாம். யூக்கலிப்டஸ் இலை கம்பளியில் இன்னும் நன்றாகப் பிடிக்கும், செம்மஞ்சளாக. ஆனால் அந்தக் காலத்துத் தோட்டத் துரைமார் தொழிலாளருக்குக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டதோ கறுப்புக் கம்பளி. அதில் எந்த இலையின் பாச்சாவும் பலிக்காது. ஆகவே சவுக்கும் பருத்தியுமே உசிதம். அலங்காரம் இலையுதிர் காலத்துக்கே வேண்டுமென்று அடம்பிடிப்பவர்கள் அக்டோபரில் தொடங்கலாம். எல்கடுவ மழையில் துணி காய்ந்து வரும்போது தைப்பொங்கலுக்குப் போட்டுவிடலாம்.