ஆடாதிரு மனமே!

என் 2003 பாலியோ 1.6 காரை இரண்டு அங்குலம் தாழ்த்த ஆசை. செய்யலாமா? (வாசகர், கோவை)

நம் ஊர் வேகத்தடைகளிடம் சம்மதம் வாங்கிவிட்டீர்களா?

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதுமா, ஷாக் அப்சார்பரும் வேண்டுமா? (வாசகர், மதுரை)

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பள்ளத்தின் அடியை வாங்குவது ஸ்பிரிங்தான். வாங்கிய பிறகு துள்ளிக்கொண்டே இருக்குமே, அந்தத் துள்ளலை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. விறைப்பான புது ஸ்பிரிங்கோடு இருபது வருட ஷாக்கை விட்டுவைத்தால் கார் தவளையாகிவிடும். ஜோடியாக மாற்றுங்கள்.

மெக்கானிக் முதலில் 'புஷ்' மாற்றச் சொல்கிறார். காசு பிடுங்குகிறாரோ? (வாசகி, திருச்சி)

அமெரிக்காவுக்கே இரண்டு புஷ் தேவைப்பட்டது, உங்கள் காருக்குத் தேவைப்படாதா? அவர் உங்கள் காசைக் காப்பாற்றுகிறார். ரப்பர் புஷ் காய்ந்து வெடித்திருந்தால், எத்தனை விலையுயர்ந்த ஷாக் போட்டாலும் ஸ்டியரிங் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம்தான்.

போயும் போயும் ரப்பரை நம்பி வேகமாக ஓட்டுவதா? (வாசகர், சேலம்)

1959-இல் வந்த மினி காரில் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது. அலெக்ஸ் மோல்ட்டன் வடிவமைத்த ரப்பர் கூம்புகள்தாம் ஸ்பிரிங். 1964 மான்டி கார்லோ ராலியில் வென்றது மினி கூப்பர் எஸ்!

இவ்வளவு செலவழித்தும், 'முன்னைவிட அதிகமாகக் குலுங்குகிறது' என்கிறார் மனைவி. என்ன சொல்ல? (வாசகர், சென்னை)

'நீ சொல்வதுதான் சரி' என்று சொல்லுங்கள். ஸ்பிரிங் அளவுக்கு மீறி விறைத்து, மேடுபள்ளத்தில் சக்கரம் தரையை விட்டு எழும்பினால் பிடிப்பு ஏது? அடுத்த ஸ்பிரிங்கை வாங்குமுன் டெஸ்ட் டிரைவுக்கு அவரையும் அழைத்துப்போங்கள்.