இன்டர்ன் மரபியல்

பாயிரத்தில் எட்டுச் செய்தி இருக்க வேண்டும் என்பது நன்னூலார் போட்ட சட்டம். அதை மீற எனக்குத் தைரியம் இல்லை. ஆக்கியோன்: சாமளாபுரத்தில் தறி குடோன் சத்தத்துக்கு நடுவே பிறந்து, தறியும் ஓட்டாமல் தோட்டமும் போடாமல் இரண்டையும் ஓரமாக நின்று பார்த்தவன். வழி: வழிநூல், முதல்நூல் தொல்காப்பியத்து மரபியல். எல்லை: கிழக்கே மங்கலம், மேற்கே மருதமலை, தெற்கே பல்லடம், வடக்கே கருமத்தம்பட்டி. நூற்பெயர் மேலே இருக்கிறது. யாப்பு: உரைநடை, வெண்பா வராத காரணத்தால். நுதலிய பொருள்: அருங்காட்சியகங்களை ஒட்டிய அரசுத் தோட்டங்களுக்கு இன்டர்ன்ஷிப் என்று போகும் தோட்டக்கலை, தாவரவியல் மாணவர்கள். கேட்போர்: அவர்களைப் பெற்றவர்கள். பயன்: காலையில் டிபன் பாக்ஸோடு பஸ் ஏறிச் சோமனூர், கருமத்தம்பட்டி வழியாகக் கோயமுத்தூர் போகிற பிள்ளை அங்கே என்னதான் செய்கிறது என்று ஓரளவு தெரியவரும்.

இனி நூல்.

உயிர்களை அறிவால் ஒன்று முதல் ஆறு வரை அடுக்கிய தொல்காப்பியர், செடிகொடிகளிடம் வந்தபோது குறுக்கே வெட்டிப் பார்த்திருக்கிறார் போல. வெளிப்புறம் வைரம் பாய்ந்தது புறக்காழ், அது புல். உள்ளே வைரம் பாய்ந்தது அகக்காழ், அது மரம். இந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லாகிவிடும். வீட்டு வாசல் தென்னையைப் புல் என்று சொன்னால் எங்கள் ஊரில் சண்டைக்கு வருவார்கள். ஆனால் இன்றைய தாவரவியலும் தென்னையையும் அருகம்புல்லையும் ஒருவித்திலை என்ற ஒரே கூரையின் கீழ்தான் வைத்திருக்கிறது. உயரத்தைப் பார்த்து ஏமாறாதே, காழ் எங்கே என்று பார் என்பது அவர் முறை. அதே முறையை இன்டர்ன்களுக்கும் செலுத்தலாம் என்பது இந்நூலின் துணிபு. குறுக்கே வெட்டுதல் என்பதை இங்கே உவமையாகக் கொள்க.

களம் பற்றிச் சில சொல்ல வேண்டும். கோவை வனக் கல்லூரி வளாகத்தில் இருப்பது காஸ் வன அருங்காட்சியகம். வனப் பாதுகாவலராக இருந்த ஹோரேஸ் ஆர்ச்சிபால்டு காஸ் முயற்சியில் உருவாகி, 1902-இல் சென்னை மாகாண ஆளுநர் ஆம்ப்தில் பிரபு திறந்துவைத்தது. உள்ளே மரத்தின் துண்டுகள், வெளியே முழு மரங்கள். அதே வளாகத்தில் 1988-இல் வந்த வன மரபியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே உள்ள உலர்தாவரத் தொகுப்புக்கு ஃபிஷர் பெயர். இந்த ஃபிஷர் யார் எனின், சென்னை மாகாணத்துத் தாவரங்களைப் பற்றிக் கேம்பிள் 1915 முதல் எழுதிவந்த பெருநூலை, 1925-இல் கேம்பிள் இறந்தபின் தொடர்ந்து 1936-இல் முடித்தவர். மாகாணத்துச் செடியெல்லாம் அடங்கிய அந்த நூலில், செடிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பையனைப் பற்றி ஒரு வரி கிடையாது. இந்நூல் அந்தக் குறையைத் தீர்க்க எழுந்தது என்க. மருதமலை ரோட்டில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்காவும், 2018-இல் திறந்த பூச்சி அருங்காட்சியகமும் இருக்கின்றன. 2025 நவம்பரில் காந்திபுரத்துச் சிறை நிலத்தில் 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்காவும் வந்துவிட்டது. களத்துக்குப் பஞ்சம் இல்லை.

இனி வரும் உதாரணங்கள் எந்தத் தோட்டத்தில் கண்டவை என்று சொல்லப்போவதில்லை. பழைய உரையாசிரியர்களும் 'ஒருசாரார்' என்று சொல்லித்தானே தப்பித்தார்கள்.

அருங்காட்சியகத் தோட்டத்துக்கு மட்டும் உள்ள ஓர் இக்கட்டை முதலில் உணர வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஊசி குத்தி வைத்த வண்டுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு விடலாம், தீபாவளிக்கு நான்கு நாள் பூட்டிவிட்டுப் போகலாம், திரும்பி வந்தால் வண்டு அப்படியே இருக்கும். வெளியே தொட்டியில் இருக்கும் பெரணிக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆகவே காட்சிப்பொருள் சாகாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நிரந்தர ஆள் போட நிதி இல்லை. இந்த இடைவெளியில் முளைப்பவர்தான் இன்டர்ன்.

முதல் வகை புறக்காழர். இவர்களைத் தூரத்திலிருந்தே அறியலாம். தலையில் அகலத் தொப்பி, காலில் கம்பூட்ஸ், இடுப்பில் உறை கழற்றாத கவாத்துக் கத்திரி, மார்பில் 'கிரீன் வாரியர்' என்று எழுதிய டீ-ஷர்ட். (டீ-ஷர்ட் நம்மூர் செகண்ட்ஸ். தோள்பட்டைத் தையலைப் பார்த்தாலே தெரிகிறது. செக்கிங்கில் தள்ளிய பீஸ்.) புறக்காழர் நேற்று முளைத்தவர்கள் அல்லர். 1896-இல் லண்டனை ஒட்டிய கியூ தோட்டத்தில் ஆனி கல்வின், ஆலிஸ் ஹட்சின்ஸ் என்ற இரு பெண்களை முதன்முதலாகத் தோட்டக்காரர்களாகச் சேர்த்தார்கள். ஆண் தோட்டக்காரர்களின் கவனம் சிதறக் கூடாதாம். அதற்காக அவர்களுக்கும் ஆண்களைப் போலவே பழுப்பு அரைக்கால்சட்டை மாட்டிவிட்டது நிர்வாகம். விளைவு, செடியைப் பார்க்க வராத லண்டன்வாசிகளெல்லாம் கால்சட்டையைப் பார்க்கத் திரண்டார்கள். பத்திரிகைகள் கேலிப் பாட்டு எழுதின. அந்த இருவரும் வேலையில் சூரிகள். தோற்றத்தை வைத்து அவர்களைப் புல்லில் சேர்த்தது பார்த்தவர்களின் பிழை. எனவே உடை ஓர் அறிகுறிதான், தீர்ப்பு ஆகாது. கம்பூட்ஸில் சேறு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தபின் வகைப்படுத்துக.

புறக்காழரின் உட்பிரிவுகளில் ஓதுவார் முக்கியம். மரத்தில் ஆணியடித்த தகரப் பலகையைப் பார்த்து, வரும் பள்ளிக் குழந்தைகளுக்கு ஓதுவது இவர்கள் பணி. தூங்குமூஞ்சி மரத்தின் முன் நின்று 'சமானியா சமான்' என்பார்கள். பக்கத்து மரத்துப் பலகையில் பழைய பெயர் 'அல்பிஸியா சமான்' என்று இருக்கும். இரண்டும் ஒரே மரமா என்று ஒரு குழந்தை கேட்டால், ஓதுவார் அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிடுவார். இன்னோர் ஆபத்து, செடி செத்தபின்னும் பலகை நின்றுகொண்டிருக்கும். வெறும் மண்ணைக் காட்டி ஒருவர் இரண்டு நிமிடம் மூலிகைப் பயன் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். கேட்ட ஆசிரியை குறிப்பெடுத்துக்கொண்டார்.

நிழலோர் என்றொரு பிரிவு உண்டு. மதியம் இரண்டு மணிக்கு மேல் மேற்படித் தூங்குமூஞ்சியின் அடியில் கிடைப்பர். மரம் சாயங்காலம்தான் இலை மூடும், இவர்கள் முன்கூட்டியே மூடுவர். படம் எடுப்போரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஏட்டோர் அப்படித் தள்ளிவிடத் தக்கவர் அல்லர். இன்டர்ன்ஷிப் முடிவில் ரெக்கார்டு நோட்டு கொடுக்க வேண்டும்; தினமும் செய்த வேலை, நாள் வெப்பநிலை, பார்த்த பூச்சி, மேற்பார்வையாளர் கையெழுத்து. ஏட்டோர் இந்த முப்பது நாளையும் கடைசி ராத்திரி எழுதுவார்கள். ஒரே பேனாவில் எழுதினால் காட்டிக்கொடுக்கும் என்று நீலம், கறுப்பு, கொஞ்சம் மங்கிய நீலம் என மாற்றி எழுதும் நுட்பம் இருக்கிறதே, அது வேளாண் மாணவர்கள் நாலாம் வருஷத்தில் போகும் கிராமத் தங்கல் பயிற்சியிலேயே கைவந்துவிடுகிறது. பதினேழாம் தேதி மழை பெய்ததா என்று வாட்ஸ்அப்பில் கேட்டு எழுதும் நேர்மையாளரும் இதில் உண்டு. அவரை ஏட்டோரில் சான்றோர் என்க.

ஊற்றுவோர் ஆபத்தானவர்கள். அன்பு மிகுந்து, கள்ளிக்கும் தினம் ரெண்டு வேளை தண்ணீர் விடுவார்கள். வேர் அழுகித் தொட்டி போகும். மேற்பார்வையாளர் திட்டுவார். எனக்கு இவர்கள்மேல் இரக்கம் உண்டு, ஏனென்றால் இன்டர்ன் செய்யும் பிழை ஒரு தொட்டியோடு முடிகிறது. பெரியவர்கள் கள்ளியில் செய்த பிழையைக் கேளுங்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சப்பாத்திக்கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சியை நசுக்கினால் அருமையான சிவப்புச் சாயம் வரும். அது ஸ்பெயின்காரன் கையில் இருந்தது. அதைப் பிடிக்கச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார் ஆண்டர்சன். 1795-இல் நீல்சன் என்ற கேப்டன் பிரேசிலிலிருந்து பூச்சியும் கொண்டுவந்து கல்கத்தாவில் இறக்கினார். வந்தது தப்பான பூச்சி, சாயம் மட்டம். ஆனால் கள்ளியைத் தின்பதில் கெட்டி. எனவே 1860-களில், களையாகப் பரவிவிட்ட கள்ளியை ஒழிக்கவென்றே அதைத் தெற்கே கொண்டுவந்து விட்டார்கள். இன்னொரு வகைக் கள்ளி அதற்கும் அசையாமல் வேலியெல்லாம் பரவிக் கிடந்து, 1926-இல் வேறொரு பூச்சி வந்த பிறகுதான் அடங்கியது. சிவப்புச் சாயத்துக்காக ஆரம்பித்த கதை நூற்று முப்பது வருஷம் இழுத்தது. சாயம் எங்கே போய் முடியும் என்று யோசிக்காமல் இறங்கியவர்களைப் பற்றி நொய்யல் கரையில் உட்கார்ந்து நான் மேலும் பேசுவது முறையாகாது. இதற்கெல்லாம் யாரும் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து மறுக்கவில்லை.

இனி அகக்காழர். இவர்கள் தொகையில் குறைவு, தோற்றத்தில் ஒன்றுமில்லை. தோட்டத்தின் முன்பக்கம் காணக் கிடைக்கமாட்டார்கள். பின்புறம், விற்பனைக்குக் கன்று போடும் நர்சரியில், பச்சை நிழல்வலைக்குக் கீழே தேடுக.

அங்கே ஒரு நாள் மாவுக்கு ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து நாளுக்கு முன்பே தாய்மரத்துக் கிளை நுனியில் இலையைக் கிள்ளி விட்டிருந்ததால் மொட்டு பருத்து நின்றது. வேர்ச்செடி பென்சில் கனத்தில் ஒரு மாங்கன்று. அதன் தலையைச் சீவி, நடுவில் ஒன்றரை அங்குலத்துக்குப் பிளக்க வேண்டும். தாய்க்குச்சியின் அடியை இருபுறமும் ஆப்பு மாதிரிச் சீவிச் செருக வேண்டும். பட்டைக்கு அடியில் இருக்கும் பச்சைப் படலம் ஒரு பக்கமாவது இரண்டிலும் நேருக்கு நேர் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் என்ன கட்டினாலும் காய்ந்துவிடும். பிறகு விரலகல பாலிதீன் பட்டையால் கீழிருந்து மேலே இறுக்கிச் சுற்றி முடிச்சு. முடிச்சில்தான் பட்டதாரிகள் தோற்கிறார்கள். இறுக்கினால் ஆப்பு நழுவுகிறது, தளர்த்தினால் தண்ணீர் இறங்குகிறது.

எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி அன்று வரிசையாகக் கட்டிக்கொண்டு போனாள். குச்சியை இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, பட்டையின் நுனியை அதே விரலுக்கு அடியில் விட்டு, வலது கையால் ஒரு சுழற்று. தினக்கூலிக்கு வரும் தோட்டக்கார அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏங் கண்ணு, தறி ஓட்டற வூட்டுப் புள்ளையா நீ?"

"ஆமாங்க்கா. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"பெருவெரலு சொல்லுது."

பாவு இழை அறுந்தால் தறியை நிறுத்தி, இழையைப் பிணைத்து, விழுதில் கோத்து, அச்சில் இழுத்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். நின்ற ஒவ்வொரு நிமிஷமும் கூலியில் கழியும் என்பதால் அந்த விரலுக்கு வேகமும் வரும், அளவும் வரும். பத்து வயசிலிருந்து லீவு நாளெல்லாம் அப்பனுக்கு இழை எடுத்துக்கொடுத்த பிள்ளைக்கு இது புத்தகப் பாடமாகத் தெரியாது. கல்லூரி போடும் மதிப்பெண் பட்டியலில் இதற்குத் தனிப் பத்தியும் இல்லை. மூன்று நான்கு வாரத்தில் ஒட்டுப் பிடித்துத் துளிர் விடும்போது கன்றின்மேல் பேர் எழுதி வைப்பதும் இல்லை. சான்றிதழில் இவளுக்கும் நிழலோருக்கும் 'திருப்தி' என்ற ஒரே சொல்தான்.

அகக்காழர் யாரிடம் கற்கிறார் என்பது பற்றி ஒரு விதி சொல்லலாம். அலுவலர் அறைக்குப் பத்தடிக்குள் நிற்பவர் புறக்காழ், தோட்டக்கார அம்மாவுக்குப் பத்தடிக்குள் நிற்பவர் அகக்காழ். இதுவரை நான் பார்த்ததில் இந்த விதி தப்பியது குறைவு. எந்தத் தொட்டிக்கு எப்போது தண்ணீர் வேண்டும் என்பதை அந்த அம்மா தொட்டியைத் தட்டிச் சத்தத்தில் சொல்லுவார். மண்தொட்டி ஈரமாக இருந்தால் மொத்தெனும், காய்ந்தால் கணீர் என்னும். மீட்டர் வைத்து அளக்கும் ஓர் இன்டர்ன் அவரோடு போட்டி போட்டு, இரண்டு பேரும் ஒரே தொட்டிகளைக் காட்டினார்கள். அம்மா சீக்கிரம் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவரையே ஒப்பந்தக் கூலியாக ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் நிர்வாகம், அவரிடம் கற்க வரும் பிள்ளைக்கு மட்டும் முத்திரை வைத்த காகிதம் தருகிறது. இதில் யார் யாருக்குச் சான்றளிப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

புறனடையாக ஒரு வகை மிச்சம் இருக்கிறது. அதைக் கம்ப்ளையன்ஸார் என்பது எங்கள் வட்டார வழக்கு. தோட்டக்கலை முடித்து, இன்டர்ன்ஷிப்பும் முடித்து, வேலை தேடி அலுத்து, கடைசியில் திருப்பூரில் ஏதாவது எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்தவர்கள். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பிறகு 'பசுமை' என்பது எங்கள் பக்கம் பெரிய உத்தியோகம். வெளிநாட்டுப் பையர் காரை விட்டு இறங்கியதும் கண்ணில் கொரியன் புல்தரை பட வேண்டும். தீயணைப்பு வாளி எத்தனை, முதலுதவிப் பெட்டி எத்தனை, சுத்திகரித்த தண்ணீர் எவ்வளவு, மரம் எத்தனை என்று படிவம் நிரப்ப வேண்டும். இதெல்லாம் ஒரே ஆள் வேலை.

இவரைப் புல் என்பதா, மரம் என்பதா? ஒருசாரார் புல் என்பர். செய்வதே புல்தரை வேலை என்பது அவர்கள் காரணம். மற்றொரு சாரார் மறுப்பர். கம்பெனிப் பின்மதில் ஓரம், கேன்டீன் தண்ணீர் போகும் இடத்தில், யாரும் கேட்காமல் நாலு மா ஒட்டு கட்டி வைத்திருப்பதைக் கண்டோம், முடிச்சு தறிக்காரர் முடிச்சு என்பது அவர்கள் சாட்சி. போன ஆடிட்டில் அந்த நான்கையும் எந்தப் பத்தியில் எழுதுவது என்று கேள்வி வந்திருக்கிறது. படிவத்தில் இடம் இல்லாததால் 'லேண்ட்ஸ்கேப்பிங், இதர' என்பதில் சேர்த்துவிட்டார்களாம்.