கோழிக்குத் தெரியாத புரட்டாசி

வீட்டில் கறிக்கோழி வளர்க்க இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும், தீவனம் வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். பஞ்சாங்கம் வேண்டும் என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

அரக்கோணத்தில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவருக்கும் யாரும் சொல்லவில்லை. ஆடி மாதம் முழுக்கத் தெருவுக்குத் தெரு கூழ் வார்த்து, விருந்தாளி வந்து, கறிக்கடைக்கு நடையாய் நடந்து சலித்துப்போனவர், "இனிமே நம்ம வீட்டுக் கோழிதான்" என்று அறிவித்தார்.

முதலில் வந்தவை கலர்க் குஞ்சுகள். சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு வந்தவரிடம் பேரன் அழுது வாங்கியவை. ரோஸ் இரண்டு, பச்சை இரண்டு. முட்டைக்கோழி இனத்தில் பெட்டைகளைப் பிரித்தெடுத்த பிறகு பொரிப்பகத்தில் மிஞ்சும் சேவல் குஞ்சுகளுக்குத்தான் இப்படிச் சாயம் ஏற்றுகிறார்கள். முட்டையும் போடாது, சதையும் போடாது. "ஏங்க, சாயத்துக்குப் போட்ட காசுகூட வராது போலிருக்கே" என்றார் வீட்டம்மா.

அதன் பிறகுதான் நிஜ பிராய்லர் குஞ்சுகள் இருபது வந்து இறங்கின. ஆவணி முதல் வாரம். ஒவ்வொன்றும் சுமார் 40 கிராம். தகரத்தை வட்டமாக வளைத்து, நெல் உமி பரப்பி, நடுவில் பல்பு தொங்கவிட்டாயிற்று. வட்டம்தான் முக்கியம். மூலை இருந்தால் கரண்ட் போன ராத்திரியில் குஞ்சுகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மூச்சுமுட்டிச் செத்துப்போகும். முதல் வாரம் உள்ளே 95 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லிவிடும்: பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், தகரத்தோடு ஒட்டி வாய் பிளந்தால் சூடு, பரவலாகப் படுத்துத் தூங்கினால் நீங்களும் போய்ப் படுக்கலாம்.

ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. குப்பி என்னவோ நூறு குஞ்சுக்கு வருகிறது. கலக்கிவிட்டால் ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் அவர் தெருவில் கோழி வைத்திருப்பவர்களைத் தேடி அலைந்தது தனிக்கதை.

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் சிசீல் ஸ்டீல் என்ற பெண்மணிக்கு நேர்ந்தது இதைவிடப் பெரிய கூத்து. 1923-இல் முட்டைக்காக அவர் கேட்டது 50 குஞ்சு. வந்து இறங்கியது 500. திருப்பி அனுப்பாமல் வளர்த்தார். பதினெட்டு வாரம் கழித்து 387 கோழிகளை, பவுண்டு 62 சென்ட் வீதம் கறிக்கு விற்றார். அங்கே கறிக்கோழித் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கோழிகள் பதினெட்டு வாரம் தின்றும் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறின. இன்றைய பிராய்லர் ஆறே வாரத்தில் இரண்டு கிலோ. ஊசி போட்டு ஊத வைக்கிறார்கள் என்று டீக்கடையில் அடித்துப் பேசுவார்கள். உண்மையில் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த இனமும் தீவனமும் செய்கிற வேலைதான் அது.

ஆக, 42 நாள் என்பது கோழியின் உடம்பிலேயே எழுதியிருக்கிற கெடு. ஆவணி முதல் வாரத்தில் வந்த குஞ்சுக்கு அந்தக் கெடு எங்கே போய் முடியும்? நட்ட நடுப் புரட்டாசியில்.

ஒரு பக்கம் சோளிங்கர் நரசிம்மர், இன்னொரு பக்கம் திருப்பதி வண்டிக்கு ஸ்டேஷனில் நிற்கும் கூட்டம். இடையில் மாட்டிய ஊரில் புரட்டாசிக் கோழியை யார் தின்பது? "அறுத்து ஃப்ரிட்ஜில வெச்சிடலாமா?" என்று இழுத்துப் பார்த்தார் ரயில்வேக்காரர். ஃப்ரிட்ஜுக்கு எதிர்ச்சுவரில்தான் பெருமாள் படம். வீட்டம்மா பதில்கூடச் சொல்லவில்லை, படத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். விற்றுவிடலாம் என்று கறிக்கடை பாயிடம் போனால், "நானே ஈ ஓட்டிக்கினு இருக்கேன் சார்" என்றார் அவர். வருஷா வருஷம் இந்த மாதம் பல்லடத்துப் பண்ணை விலையே சரிந்துவிடும்போது, இருபது கோழிக்கு யார் மரியாதை கொடுப்பார்கள்?

கோழிக்கு விரதம் கிடையாது. ஆறு வாரம் தாண்டிய பிராய்லர் ஒன்று நாளுக்கு 150 கிராமுக்கு மேல் தீவனம் தின்னும். இருபதுக்குக் கணக்குப் போட்டால் தினம் மூன்று கிலோ. பறக்காது, கிளறாது, நடக்கவே யோசிக்கும். தீவனத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தின்னும். கனம் தாங்காமல் காலை இழுக்கும். புழுக்கமான மத்தியானத்தில் திடீரென்று மல்லாந்துவிடும். அப்படி மூன்று போயின. புரட்டாசி சனிக்கிழமை தளிகைக்கு வந்த உறவுக்காரர்கள் வடையைக் கடித்துக்கொண்டே கோழிகளை எடை போட்டுவிட்டுப் போனார்கள்.

ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை, ஒன்று மூன்று கிலோவுக்கு மேல் நிற்கும் கோழிகளோடு ஆட்டோ பாய் கடைக்குப் போனது. "தோலோடவா, உரிச்சா சார்?" ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பூட்ஸாகிக் கப்பலேறுகிற ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரம் இது. இங்கேயும் கோழித்தோலுக்குக் குப்பைக்கூடைதான் கதி. உரித்து, குடல் நீக்கியதில் எடையில் முக்கால் பங்குகூடத் தேறவில்லை. பாதியை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார்கள். "கொஞ்சம் முத்தல்" என்று எதிர்வீட்டிலிருந்து தகவல் வந்தது.

இப்போது சமையலறைக் காலண்டரில் கார்த்திகை 20 மேல் வட்டம் போட்டிருக்கிறார் ரயில்வேக்காரர். அன்றைக்குக் குஞ்சு இறங்கினால் காணும் பொங்கலுக்குக் கறி.

"பையன் மாலை போட்டிருப்பானே, வீட்ல கோழியா?"

"வளர்க்கத்தானே போறேன். அவன் மலைக்குப் போய்ட்டு வந்த பிறகுதான் அறுப்பு."

"மார்கழிப் பனியில பல்பு ராத்திரி பூரா எரியணும். அந்தக் கரண்ட் பில்லையும் ஐயப்பனா கட்டுவாரு?"

குஞ்சுக்காரருக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதை அவர் இன்னும் சொல்லவில்லை.